சொட்டுத் தண்ணி பாக்காத வண்டி

ஆவாரங்குளத்தில் குளமும் கிடையாது, ஆவாரஞ்செடியும் கிடையாது, நகராட்சிக் குழாயில் பதினெட்டு நாளைக்கு ஒருதரம் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும், அதிலும் முதல் கால் மணி நேரம் வெறும் காற்றுதான் புஸ்ஸென்று வரும்; அப்பேர்ப்பட்ட ஊரில், மாசி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் மணி நாலடிக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் பூட்டி நிறுத்தியிருந்த பேச்சியம்மாளின் வெள்ளை வண்டிக்குள் தண்ணீர் ஏறியது. கூரையிலிருந்து ஒழுகவில்லை, கதவிடுக்கில் நுழையவில்லை. அது பாட்டுக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்து, பிரேக்கை மூடி, கியரை மூடி, சீட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பதினோரு பிள்ளைகளும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு கெண்டை மீன் ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

பேச்சி மீனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், போனை எடுத்து அண்ணன் கருத்தபாண்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வண்டிக்குள்ள தண்ணி நிக்குது. கெண்டை மீன் ஒண்ணு கெடக்கு."

"ஏசி பைப்பு அடைச்சிருக்கும், பாரு," என்றார் கருத்தபாண்டி.

கருத்தபாண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை ஒரு அடி நகராது. பைபாஸ் ரோட்டு எடைமேடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து, வருகிற போகிற லாரியையெல்லாம் எடைபோட்டு எடைபோட்டு, டிரைவர் சொல்வதையும் நம்பாமல், சரக்குக்காரன் சொல்வதையும் நம்பாமல், மெஷின் காட்டுவதை மட்டும் பாதி நம்பிப் பழகிய மனுஷன். காரென்றால் உசிரு. ஊரில் யார் பழைய கார் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் வாங்குவார்கள். அவர் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், கேட்கிறவனுக்கும் சேர்த்து ஆறிப்போகும். டீசல் வண்டி தினம் ஓட்டுகிறவனுக்கு, பெட்ரோல் வண்டி நிறுத்திவைத்து அழகு பார்க்கிறவனுக்கு என்பார். கியர் இல்லாத வண்டி, தன் இடது கால்மேல் நம்பிக்கை இல்லாதவன் வாங்குவது. கூரையில் ஜன்னல் வைத்த வண்டியைப் பார்த்துவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார்: "நம்மூரு வெயிலுக்குக் கூரையில ஓட்டையப் போட்டு, அந்த ஓட்டைக்குத் தனியா காசும் வாங்குறானே, வெளங்குமா?" கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறவனோடு சம்பந்தம் பண்ணக்கூடாது. வேகத்தடையில் இரண்டாவது கியருக்கு இறங்காதவனுக்கு வண்டி மேலும் பாசமில்லை, முதுகெலும்பு மேலும் பாசமில்லை. மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் இந்தப் பூமியில் எவனும் உண்மை சொன்னதில்லை. "டாக்டர் ஓட்டுன வண்டின்னு சொல்றாம் பாருங்க, அவனை மொதல்ல நம்பாதீங்க. ஊர்ல இருக்க பழைய வண்டி பூராவும் டாக்டர் ஓட்டுனதுன்னா நோயாளியை எவன் பாத்தான்?"

இவ்வளவு பேசுகிறவருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. பார்த்த வண்டி ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, வயசு ஐம்பத்து நாலாகியும் பழைய ஸ்கூட்டரில்தான் போய்வந்தார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆவாரங்குளத்தில் 'அண்ணாச்சி பாத்த வண்டி' என்று சொன்னால் அதற்கு மேலே பேச்சு கிடையாது. அந்த மூன்று சொல்தான் அவருக்கு வீடு, வாசல், சொத்து எல்லாம்.

பேச்சி அவருக்குப் பதினாறு வயசு இளையவள். புருஷன் போன பிறகு ஒன்பது வருஷமாக ஆட்டோ ஓட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தவள். பிள்ளைகள் கூடிப்போகவே ஆட்டோவைக் கொடுத்துவிட்டு ஏழு சீட்டு வண்டி ஒன்று வாங்க நினைத்தாள். தேவசகாயம் என்ற புரோக்கர், டாக்டர் ஓட்டின வண்டி என்று சொல்லி, மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். கருத்தபாண்டி அப்போது பைபாஸ் டீக்கடையில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து நின்ற சத்தத்தைக் காதால் கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாயி, இது வாழ்ற வண்டி. சொட்டுத் தண்ணி பாக்காத வண்டி," என்றார். டீக்கடையில் இருந்த பத்துப் பேரும் கைதட்டிவிட்டார்கள். ஏ அப்பா, சத்தத்தை வைத்தே சாதகம் சொல்லிவிட்டாரே!

பிறகுதான் எழுந்து போய் வண்டியைப் பார்த்தார். சைலன்ஸருக்குள் விரல் விட்டுக் கரியைத் தேய்த்துப் பார்த்தார், ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார், கதவு ரப்பரை உரித்து வெல்டிங் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில், வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று கண்டுபிடிக்க அவர் எப்போதும் செய்கிற வேலை ஒன்று உண்டு, அதையும் செய்தார்: டிரைவர் சீட்டு பெல்ட்டைப் பிடித்து, உள்ளே சுருண்டிருப்பது கடைசிவரை வெளியே வரும்படி இழுத்தார். வண்டியைக் கழுவுகிறவன் வெளியே தெரிகிற பெல்ட்டைத்தான் கழுவுவான், உள்ளே சுருண்டிருப்பதை எவனும் கழுவ மாட்டான். இழுத்தார், பார்த்தார், வெயில் கண்ணில் அடித்ததோ என்னமோ ஒரு நொடி கண்ணைச் சுருக்கினார், கையை விட்டார். பெல்ட்டு சரக்கென்று உள்ளே ஓடிவிட்டது.

"முடிச்சுக்க தாயி," என்றார்.

பேச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரி. ஒரு எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பதினொன்றாவது நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

ஏசி பைப்பில் அடைப்பு எதுவும் இல்லை. சரியாக ஐந்து மணிக்குத் தண்ணீர் தானாக இறங்கிவிட்டது. சீட்டைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்து கிடந்தது, வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. மீன் மட்டும் கால் மிதியில் துள்ளிக்கொண்டு கிடந்தது, அதைப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் எடுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் தண்ணீர் திரும்பவும் வந்தது. புதன்கிழமையும் வந்தது. வண்டி எங்கே நின்றாலும், எவ்வளவு இறுக்கிப் பூட்டியிருந்தாலும் நாலு மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, ஐந்து மணிக்குப் போனது. பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் அதே நாலு மணி. தண்ணீர் நிற்கிற வண்டியில் பிள்ளையை எவள் ஏற்றிவிடுவாள்? காலையில் பேச்சி பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினாள், சாயங்காலம் அவர்களுடைய பைகளையெல்லாம் தன் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடத்திக் கூட்டிவந்தாள். முதல் வாரத்திலேயே பதினோரு பிள்ளைகள் ஏழாகிவிட்டார்கள், இரண்டாவது வாரத்தில் நாலுதான் மிஞ்சியது. பங்குனிப் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வண்டி சரியாக இல்லாவிட்டால் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடுதாசியைப் பேச்சி நாலாக மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

கருத்தபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தான் பார்த்த வண்டி கெட்டுப்போகுமா? ஒருக்காலும் இல்லை, எவனோ கெடுக்கிறான். முதலில் வண்டியைக் கழுவிக் கொடுத்த வாட்டர் சர்வீஸ்காரன்மேல் சந்தேகப்பட்டார். அவன்தான் அடியில் எதையோ கழற்றி மாட்டியிருக்கிறான் என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். அன்றைக்குத் தண்ணீர் நாலு விரற்கடை கூட ஏறியது. அவர் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தார். மறுநாள் புரோக்கர் தேவசகாயத்தின்மேல் சந்தேகப்பட்டார். தண்ணீர் கோட்டைத் தாண்டியது. அதற்கடுத்த நாள், கண்ணில் பார்த்தே இராத அந்த மெட்ராஸ் டாக்டரைச் சந்தேகப்பட்டார். தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறி, உடன் இரண்டு விரால் மீனும் வந்தது.

கோட்டைக் கவனித்தது கெங்கம்மாள்தான். "யய்யா, நீ ஒருத்தன் பேரைச் சொல்லச் சொல்ல இது ஏறுதே," என்றாள்.

"அதெப்படி ஏறும்? நீதான் ஓஸ் பைப்பை உள்ள விட்டுருக்க," என்றார் கருத்தபாண்டி, அவளையும் சேர்த்துச் சந்தேகப்பட்டு. சொல்லி வாயை மூடவில்லை, தண்ணீர் மூன்று விரற்கடை ஏறியது. கெங்கம்மாள் கோபப்படவே இல்லை. வீட்டுக்குள் ஓடிப்போய் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் நடந்தது. வந்தபோது செம்மண் நிறத்தில் இருந்த தண்ணீர், குடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் தெளிந்துவிட்டது. அதில் சோறு வைத்தால் பூவாக மலர்ந்தது, பருப்பு ஒரே கொதியில் வெந்தது. பின் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி மூன்று ரப்பர் குழாய்களை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க ஏற்பாடாயிற்று. மூன்று மணிக்கே வரிசை போட்டார்கள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனவளின் குடத்தை எவளோ பின்னுக்குத் தள்ளிவிட்டாள் என்று முதல் சண்டை வந்தது. அதன் பிறகு ஒவ்வொருத்தியும் குடத்தில் தன் பேரை எழுதினாள். பேரையும் அழித்துவிடுகிறார்கள் என்று சொல்லிக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கவுன்சிலர் முத்துச்செல்வி டோக்கன் அச்சடித்துக் கொடுத்தாள். டோக்கனிலும் கள்ள டோக்கன் வந்தது. நகராட்சி எஞ்சினியர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பிற ஆதாரங்கள்' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு, அந்தத் தெருவுக்கு விட்டுக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டார். காருக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒருத்தர் வாயும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வராதது எப்படி என்று என்றைக்காவது கேட்டார்களா, இதைக் கேட்பதற்கு?

ஆனால் கருத்தபாண்டியை மட்டும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். மூன்றரை மணிக்கு எடைமேடைக்கே போய் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். நிழலில் நாற்காலி போட்டு, டீயும் வடையும் கொடுத்து, காதுக்குள் போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி, பெட்ரோல் பங்குல போன வாரம் ஒருத்தன் டேங்கு மூடியை ரொம்ப நேரம் தொறந்து வச்சிருந்தானாமே?"

"பஞ்சர் கடைக்காரன் முழியே சரியில்லையே அண்ணாச்சி?"

"கோயில் பூசாரி தீர்த்தம் தெளிச்சப்ப எதையோ முணுமுணுத்தாராமே?"

கருத்தபாண்டி புருவத்தைச் சுருக்குவார், மூக்கைத் தேய்ப்பார், "இருக்கும். அவன் ஆளு அப்பிடித்தான்," என்பார். வண்டிக்குள் தண்ணீர் கடகடவென்று ஏறும். பெண்கள் குலவை போடுவார்கள். பேர் சொல்லப்பட்டவனும் கோபிக்க மாட்டான், அவன் வீட்டுக் குடமும் அந்த வரிசையில்தானே இருக்கிறது! என்னைக் கொஞ்சம் நல்லா சந்தேகப்படுங்க அண்ணாச்சி என்று பஞ்சர் கடைக்காரனே ஒருநாள் இரண்டு குடத்தோடு வந்து நின்றான்.

பேச்சிமேல் மட்டும் ஊருக்கு ஒரு கண் இருந்தது. இவள் வண்டியைச் சரிபண்ணிவிட்டால்? வேறெங்காவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? ஒருநாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது வண்டியின் நாலு டயரிலும் காற்று இல்லை, முன்னாலும் பின்னாலும் பெரிய பெரிய கல்லாக முட்டுக் கொடுத்திருந்தது. அவள் ஒரு சொல் பேசவில்லை. அன்றையிலிருந்து காலையிலும் அந்த நாலு பிள்ளைகளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய செருப்பு தேய்ந்து, குதிகால் தரையில் பட்டது. அதைக் கருத்தபாண்டி பார்த்தார். பார்த்துவிட்டு, கல்லை வைத்தது யார் என்று சந்தேகப்பட ஆரம்பித்தார். அன்றைக்கு ஸ்டியரிங் முழுசாக முங்கியது.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். கோயில் மைதானத்தில் நானூறு பானை வைத்துப் பொங்கல் வைக்க வேண்டும். ஊரே வண்டியைச் சுற்றி நின்றது, தெரு முனைவரை குடம். பேச்சி தன் வீட்டு வாசற்படியில் நின்றாள், கையில் அந்தக் கடுதாசி.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஸ்டியரிங் மட்டத்துல நின்னா பத்தாது," என்றாள் கவுன்சிலர் முத்துச்செல்வி. "கூரையைத் தொடணும். கொஞ்சம் பெரிய ஆளாப் பாத்துச் சந்தேகப்படுங்க."

கருத்தபாண்டி யோசித்தார். வாட்டர் சர்வீஸ்காரன் ஆயிற்று, புரோக்கர் ஆயிற்று, டாக்டர், பூசாரி, எஞ்சினியர், கெங்கம்மாள், கவுன்சிலரேகூட ஆயிற்று. தெருவில் நிற்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் ஒருதரம் ஆனவர்கள்தான்.

"இன்னும் யாரு பாக்கி?" என்றார்.

வரிசையிலிருந்து எவளோ ஒருத்தி சொன்னாள்: "பேச்சி ஒருத்திதான் பாக்கி."

அவர் பேச்சி நின்ற பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சந்தேகப்பட்டுப் பழகின மனசு அவரைக் கேட்டுக்கொண்டா போகும்? அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. ஆமாம், சாவி யாரிடம் இருக்கிறது? அவளிடம். முதல்நாள் வண்டிப் பக்கத்தில் நின்றது யார்? அவள். சரி, இத்தனை நாளாச்சே, பிழைப்பு போச்சே, வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் 'நீதானே பார்த்துச் சொன்னாய்' என்று என் சட்டையைப் பிடித்திருப்பார்களே, இவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஏன் இவ்வளவு பேசாமல் இருக்கிறாள்? பேசாமல் இருக்கிறவளுக்கு உள்ளே என்னமோ இருக்கத்தானே செய்யும்?

"சாவி அவகிட்டத்தான இருக்கு," என்றார் கருத்தபாண்டி. குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "இவளே ஊத்திட்டு இவளே நாடகம் ஆடுனா யாருக்குத் தெரியும்? ஊர்ல அனுதாபம் சம்பாதிக்க... செய்வா. செஞ்சாலும் செய்வா."

தண்ணீர் பொங்கியது. சாக்பீஸ் கோடுகள் ஒவ்வொன்றையும் விழுங்கி, கண்ணாடியை நிறைத்து, கூரையைத் தொட்டு, பின் கண்ணாடி இடைவெளி வழியாக வழிய ஆரம்பித்தது. பாரம் தாங்காமல் வண்டி முனகித் தரையோடு அமுங்கியது. ஊர்ப் பெண்கள் மொத்தமாகக் குலவை போட்ட சத்தம் பைபாஸ் வரைக்கும் கேட்டது.

பேச்சி படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"நானாண்ணே?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. கடுதாசியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தனக்கே தெரியாமல் தான்தான் செய்துவிட்டோமோ என்று அந்தக் கைகளில் தேடினாள்.

"எனக்குத் தெரியலயேண்ணே," என்றாள். "ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சொன்னதை நான் என்னைக்குத் திருப்பிப் பாத்திருக்கேன்?"

கருத்தபாண்டியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். குடங்களைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் டிரைவர் கதவைப் பிடித்து இழுத்தார். அய்யய்யோ, திறக்காதீங்க என்று முத்துச்செல்வி கத்தினாள். அவர் திறந்துவிட்டார். அவ்வளவு தண்ணீரும் அவர் நெஞ்சில் வந்து மோதியது. விழுந்து, எழுந்து, அந்தத் தண்ணீரிலேயே முழங்காலிட்டு, சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். கைக்குக் கை மாற்றி இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி முழம் வெளியே வந்தது. அதில் குறுக்காகக் காவி நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சேற்றுக் கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. இத்தனை நாள் தண்ணீரிலும் அது கரையவில்லை.

"இதை அன்னைக்கே பாத்தேன் தாயி," என்றார். அழுகையில் வாய் கோணியது. "டீக்கடையில வச்சுத் திரும்பிக்கூடப் பாக்காம சொட்டுத் தண்ணி பாக்காத வண்டின்னு சொல்லிட்டேன். பத்துப் பேரு கையத் தட்டிட்டாங்க. அதுக்கப்புறந்தான் இது வெளிய வந்துச்சு. மெட்ராஸ் வெள்ளத்துல முங்குன வண்டி இது. சொன்ன வாயால எப்பிடி மாத்திச் சொல்றதுன்னு... கையை விட்டுட்டேன். உள்ள ஓடிருச்சு. யாரும் ஊத்தல. யாரு மேலயும் தப்பு இல்ல. நான்தான்."

தண்ணீர் தெருவோடு ஓடி, சாக்கடையில் விழுந்து, மண்ணுக்குள் இறங்கியது. ஒரு கெண்டை மீன் கெங்கம்மாளின் காலடியில் துள்ளித் துள்ளி அடங்கியது. நானூறு பானைக்காரர்களும் அவரவர் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைசியில் கெங்கம்மாள்தான் தன் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யய்யா, இதை ஒரு அஞ்சு மணிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அரைக்குடம்தான ஆயிருக்கு."

அதன் பிறகு நாலு மணிக்குத் தண்ணீர் வரவில்லை. பொங்கலுக்கு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பொங்கல் முடிந்த மறுநாளே முத்துச்செல்வி நாலு பேரோடு எடைமேடைக்கு வந்து, ஒரு ஓட்டை வண்டியைக் காட்டி, "சின்னதா ஒரு பொய்யி அண்ணாச்சி, இந்த வண்டி நல்லாருக்குன்னு சொல்லுங்க, ஊருக்காக," என்று கெஞ்சினாள். கருத்தபாண்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சேஸிஸ் போயிருச்சு என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அன்றையிலிருந்து 'அண்ணாச்சி பாத்த வண்டி' என்ற பேச்சு ஊரில் இல்லை. லாரி டிரைவர்கள்கூட அவர் எடையைச் சொன்னால் கழுத்தை நீட்டி மெஷினைத் தாங்களே ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

பேச்சி நாலு நாள் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலை வெள்ளை வண்டி எடைமேடை முன்னால் வந்து நின்றது. நாலு டயரிலும் காற்று அடித்திருந்தது. அவள் இறங்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஒரு வாரம் பாக்கிறோம்னு சொல்லியிருக்காங்க," என்றாள், முன்னால் ரோட்டைப் பார்த்தபடி. "சாயங்கால டிரிப்புக்கு நீ கூட வரணும். பின் சீட்டுல, பிள்ளைங்க நடுவுல உக்காரணும். தண்ணி வந்தா மொதல்ல உன் காலுதான் நனையணும்."

அப்படியே நடந்தது. லீவு முடிந்த முதல் நாள் என்று பள்ளிக்கூடத்தைக் கால் மணி நேரம் முன்னாலேயே விட்டுவிட்டார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து ஆயிரம் நியாயம் பேசுகிற கருத்தபாண்டி, பின் சீட்டில் நாலு பிள்ளைகளுக்கும் அவர்கள் பைகளுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். அவள் வேகத்தடையில் மூன்றாவது கியரிலேயே ஏறினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. மார்க்கெட் முக்கில் கிளட்ச்சில் கால் வைத்தபடியே நின்றாள்; அதற்கும் திறக்கவில்லை. டவுன் மணிக்கூண்டில் நாலடித்தது. பிள்ளைகள் எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டு காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். கருத்தபாண்டி செருப்பைக் கழற்றினார், இரண்டு பாதத்தையும் கீழே அழுத்தி வைத்துக்கொண்டார்.

"அண்ணே, கால் காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு தாயி."

பேச்சி வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கி வந்து பின் கதவைத் திறந்தாள், குனிந்து, அவருடைய இரண்டு பாதங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய் வண்டியை எடுத்தாள்.